மூன்று கோப்பைத் தேத்தண்ணியும் ஜேர்மன் மொழியும்

(ஜேர்மனியில் முதியோர் இல்லமொன்றில் தாதியாகப் பணிபுரியும் நமது தோட்டத்துச் சகோதரி ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, நிதியத்தின் ஏற்பாட்டில் தோட்ட வாசிகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது. ஜேர்மன் சொற்கள் காதில் விழுகிறபடி தமிழில் எழுதப்பட்டுள்ளன.)



என்னை இங்கே பேசக் கூப்பிட்டபோது, "எப்படி ஜேர்மனி போறது என்று சொல்லுங்க அக்கா" என்றுதான் தம்பிமார் கேட்டார்கள். போகிற வழியைச் சொல்வதற்கு முன்னால் அந்த மொழியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஏனென்றால் நான் அதைத் தலைகீழாகச் செய்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் வழியைத் தேடினேன், பிறகுதான் மொழியைத் தேடினேன். அதனால் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபா போய்விட்டது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தோஷமான விஷயம். ஜேர்மன்காரர் தேநீருக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "டே." நாம் தேயிலை என்கிறோம், தேநீர் என்கிறோம், தேத்தண்ணி என்கிறோம். அந்த "தே"யும் அவர்களுடைய "டே"யும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சீனத்தின் தென்கரையில் பேசுகிற ஒரு சொல் கப்பலேறி இரண்டு பக்கமும் போயிருக்கிறது. இன்னும் கேளுங்கள். இஞ்சிக்கு அவர்கள் "இங்வர்" என்கிறார்கள். அது நம்முடைய இஞ்சி வேர்தான், பல நாடு சுற்றி அப்படி உருமாறியிருக்கிறது. மாங்காய் "மங்கோ" ஆயிருக்கிறது. கட்டுமரம் "கட்டமரான்" ஆயிருக்கிறது. ஆகவே, ஜேர்மன் என்றதும் ஒரு சொல்லும் தெரியாத பாஷை என்று யாரும் பயப்பட வேண்டாம். நாலு சொல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

கும்பிடு போடுவதில் தொடங்குவோம்

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வேண்டியது வணக்கம். காலையில் "கூட்டன் மோர்கன்", பகலில் "கூட்டன் டாக்", மாலையில் "கூட்டன் ஆபன்ட்". நன்றி என்பதற்கு "டங்க". தயவு செய்து என்பதற்கு "பிட்ட". மன்னியுங்கள் என்பதற்கு "என்ட்ஷுல்டிகுங்". விடைபெறும்போது "அவுஃப் வீடர்சேன்", தெரிந்தவர்களிடம் "ச்சூஸ்". கடைக்குள் நுழைகிறபோதும், வைத்தியரின் காத்திருப்பு அறைக்குள் போகிறபோதும் அங்கே வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். பேசாமல் போய் உட்கார்ந்தால் மரியாதை தெரியாதவள் என்று நினைப்பார்கள்.

நமக்கு ஒரு வசதி உண்டு. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் அவர்களிடமும் இருக்கிறது. "டூ" என்றால் நீ. "ஸீ" என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். அதனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், நாம் தடுமாற மாட்டோம். ஆனால் ஒரு வேறுபாடு. நம் ஊரில் வயதைப் பார்த்து நீங்கள் என்போம். அங்கே பழக்கத்தைப் பார்ப்பார்கள். இருபது வயதுப் பையனாக இருந்தாலும் முன்பின் தெரியாதவனென்றால் "ஸீ"தான். அக்கா, மாமா, ஐயா என்று முறை வைத்துக் கூப்பிடுவதும் இல்லை. ஆணென்றால் "ஹேர்", பெண்ணென்றால் "ஃப்ராவ்", அதோடு குடும்பப் பெயர்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர்தான் பாஸ்போர்ட்டில் முன்னால் நிற்கிறது. அதையே அவர்கள் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் அப்பா இந்தத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கவ்வாத்து வெட்டினவர். இங்கே அவர் பெயரை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரட்டுக்களத்தில் பாதிப் பெயர்தான், செக்ரோலில் இலக்கம்தான். இன்றைக்கு அந்த இல்லத்தில் வைத்தியர் முதல் சமையல்காரர் வரைக்கும் "ஃப்ராவ்" என்று சேர்த்து அப்பாவின் பெயரை முழுசாகச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்பா இல்லை. பெயர் மட்டும் அந்த வராந்தாவில் நாள் முழுக்கக் கேட்கிறது. முதல் வாரத்தில் நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

வாயைப் பழக்க வேண்டும்

ஜேர்மன் எழுத்து ஆங்கில எழுத்துத்தான், அதோடு நாலு எழுத்து கூட. ஆனால் படிக்கிற விதம் வேறு. எழுதினபடியே பெரும்பாலும் வாசிக்கலாம் என்பது அதில் ஒரு நன்மை. நமக்குப் பழக்கமில்லாத ஒலி இரண்டு மூன்று உண்டு. ஒன்றுக்கு உதட்டை "ஊ" சொல்கிற மாதிரி குவித்துக்கொண்டு "ஈ" சொல்ல வேண்டும். இன்னொன்றுக்கு "ஓ" சொல்கிற மாதிரி குவித்துக்கொண்டு "ஏ" சொல்ல வேண்டும். இங்கேயே செய்து பாருங்கள். சிரிப்பு வருகிறதா? நல்லது, சிரித்துக்கொண்டே செய்யுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினால் ஒரு மாதத்தில் வரும். "நான்" என்பதற்கு "இஷ்" என்று நான் இங்கே சொன்னாலும், உண்மையில் அது ஷ் அல்ல. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டாமல் காற்று மட்டும் வருகிற ஒலி. இதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும், காகிதத்தில் வராது.

ஏழாவது மணிக்கு அரைப்பேர்

இனி எண்ணும் நேரமும். இதில்தான் நான் இரண்டு தடவை விழுந்தேன்.

நாம் ஐம்பத்து நாலு என்கிறோம், ஐம்பது முன்னால், நாலு பின்னால். அவர்கள் "ஃபியர் உன்ட் ஃபுன்ஃப்சிஷ்" என்பார்கள். நாலும் ஐம்பதும் என்று அர்த்தம். பதின்மூன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரைக்கும் ஒற்றை எண்தான் முன்னால் வரும். ஒருநாள் தொலைபேசியில் அறை இலக்கம் ஐம்பத்து நாலு என்று சொன்னதை நான் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினேன், நாற்பத்தைந்து என்று. தப்பான அறைக்குப் போய் நின்றேன். நல்லவேளை, கையில் இருந்தது துவாய்தான், மருந்தில்லை. அன்றிலிருந்து எந்த எண்ணைக் கேட்டாலும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுதுவேன். கூச்சப்படக் கூடாது. கூச்சத்தால் ஒருவருக்கு மருந்து மாறிப் போகலாம்.

நேரம் அதைவிட வேடிக்கை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நாளைக்கு "ஹால்ப் ஸீபன்"க்கு வாருங்கள் என்றார்கள். "ஹால்ப்" என்றால் அரை, "ஸீபன்" என்றால் ஏழு. ஏழரை என்று நினைத்து ஏழேகாலுக்கே போய் நின்றேன், முன்னாலேயே வந்துவிட்டேன் என்ற பெருமையோடு. பொறுப்பாளர் அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அவர்கள் சொன்னது ஆறரை! ஏழாவது மணியில் பாதி முடிந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. நம்ம தோட்டத்துக் கணக்கில் சொன்னால் சுலபமாக விளங்கும். ஏழாவது மணிக்கு இன்னும் முழுப்பேர் விழவில்லை, அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது. இப்படி நினைத்த பிறகு நான் ஒருநாளும் பிந்தவில்லை.

அங்கே நேரம் என்றால் நேரம்தான். ஐந்து நிமிஷம் பிந்துவதாக இருந்தால்கூட முன்னதாகச் சொல்ல வேண்டும். அதேபோல வேலை முடிகிற நேரமும் நேரம்தான். அதற்கு ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், "ஃபயர்ஆபன்ட்". அன்றைய வேலை முடிந்தது, இனி உன் நேரம் என்று அர்த்தம். ஒருவரை ஒருவர் வாழ்த்திவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டு. இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். லயத்தில் வளர்ந்த எனக்கு அந்த அமைதி முதலில் பயமாகத்தான் இருந்தது.

கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்

இனி இலக்கணம். ஜேர்மன் படிக்கிற எல்லோரும் முதலில் அழுகிற இடம் இதுதான். அங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் "டெர்", "டீ", "டாஸ்" என்று மூன்றில் ஒன்று வரும். டெர் என்றால் ஆண்பால், டீ என்றால் பெண்பால், டாஸ் என்றால் இரண்டும் இல்லை. உயிரில்லாத சாமானுக்கும் இது உண்டு. கரண்டி "டெர் லொஃபல்", ஆண். முள்ளுக்கரண்டி "டீ காபல்", பெண். கத்தி "டாஸ் மெசர்", இரண்டுமில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

நான் அதைப் படித்தது எங்கள் லயக் காம்பராவில். வாத்தியார் யார் என்றால், எழுத வாசிக்கத் தெரியாத என் அம்மா. எப்படி என்று சொல்கிறேன். சின்னக் கடதாசித் துண்டில் டெர் சொற்களை நீலத்திலும், டீ சொற்களைச் சிவப்பிலும், டாஸ் சொற்களைப் பச்சையிலும் எழுதி வீட்டுச் சாமானில் ஒட்டினேன். கதவு சிவப்பு, ஜன்னல் பச்சை, மேசை நீலம், கட்டில் பச்சை, கொழுந்துக்கூடை நீலம். அம்மா மலையிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, என்னை மறுபக்கம் திரும்பச் சொல்லி, "கதவு என்னா நெறம்?" என்று கேட்பார். நான் "சிவப்பு, டீ ட்யூர்" என்பேன். "கூடை?" "நீலம், டெர் கோர்ப்." பிழைத்தால் அன்றைக்கு ரொட்டி சுடுவது என் முறை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். அது போதுமாக இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிற தாய்மாருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சொற்களைச் சேர்த்து ஒட்டுவதில் ஜேர்மன்காரர் கெட்டிக்காரர். கையுறைக்கு "ஹான்ட்ஷூ", அதாவது கைச்சப்பாத்து. ஆஸ்பத்திரிக்கு "க்ராங்கன்ஹவுஸ்", நோயாளிகளின் வீடு. ஒட்டின சொல்லுக்குக் கடைசித் துண்டின் பால்தான் வரும். கரண்டி டெர் என்றால் தேக்கரண்டியும் டெர். நீளமான சொல்லைக் கண்டு மிரள வேண்டாம், வால் பக்கத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் பொருள் தெரியும்.

தமிழ் கைகொடுக்கிற இடங்கள்

நம்மில் பலர், ஆங்கிலம் தெரியாதே, ஜேர்மன் எப்படி வரும் என்று தயங்குகிறார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்தால் அது பெரிய உதவி. மூன்று இடம் சொல்கிறேன்.

முதலாவது, வேற்றுமை. பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமை படித்தோமே! ஜேர்மனில் நாலுதான். நாம் பெயரின் கடைசியில் ஐ, கு என்று சேர்ப்போம். அவர்கள் முன்னால் நிற்கிற டெர், டீ, டாஸை மாற்றுவார்கள். "டெர் டே" என்றால் தேநீர். தேநீரைக் குடிக்கிறேன் என்றால் "டென் டே" ஆகிவிடும். அந்த "டென்"தான் நம்முடைய ஐ.

இரண்டாவது, "எனக்கு". நாம் "எனக்குக் குளிருது" என்போம், "நான் குளிருறேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம். ஜேர்மனிலும் அப்படியே. "மீர் இஸ்ட் கால்ட்" என்றால் எனக்குக் குளிர்கிறது. "இஷ் பின் கால்ட்" என்று ஆங்கில வழியில் சொன்னால், நான் இரக்கமில்லாதவள் என்கிற மாதிரி ஆகிவிடும். பிடித்திருக்கிறது, ருசியாக இருக்கிறது என்பதற்கும் "எனக்கு" என்றே வரும். வகுப்பில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் பிழைவிட, பின்வரிசையில் இருந்த நான் சரியாகச் சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்கும் வரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது, வினைச்சொல். தமிழில் வினை கடைசியில் வரும். ஜேர்மனில் சாதாரண வாக்கியத்தில் அது இரண்டாவது இடத்தில் நிற்கும். "இஷ் ட்ரிங்க டே", நான் குடிக்கிறேன் தேநீர். "இன்றைக்கு" என்பதை முன்னால் போட்டாலும் வினை தன் இடத்தை விடாது, "நான்" என்பதுதான் பின்னால் போகும். "ஹொய்ட்ட ட்ரிங்க இஷ் டே." ஆனால் "ஏனென்றால்" என்று பொருள்படும் "வைல்" வந்துவிட்டால், வினை நம் தமிழ் மாதிரி கடைசிக்கு ஓடிவிடும். "வைல் இஷ் டே ட்ரிங்க." மற்றவர்களுக்கு அது புதுசு. நமக்கு அது வீட்டுக்கு வந்த மாதிரி.

கரண்டியைப் போட்டால் போதும் என்று அர்த்தம்

மொழி மட்டும் தெரிந்தால் போதாது, பழக்கமும் தெரிய வேண்டும். நான் இருக்கிற பகுதி ஜேர்மனியின் வடமேற்கு மூலை, கடலோரம். பெயர் ஒஸ்ட்ஃப்ரீஸ்லான்ட். மலையே இல்லாத தட்டையான பூமி. அங்கே காலையானாலும் மாலையானாலும் ஒரே வணக்கம்தான், "மொய்ன்". ஜேர்மனியின் பிற பகுதிகளில் கோப்பிதான் அதிகம். இங்கேயோ தேநீர்தான் எல்லாம். ஓர் ஆள் ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ 300 லீற்றர் குடிப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களுடைய தேநீர்ப் பழக்கத்தை 2016 ஆம் ஆண்டில் ஜேர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல், கூட வேலை செய்கிற பெண்ணின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் போனேன். சின்னக் கோப்பையில் தேத்தண்ணி தந்தார்கள். நான் நன்றாகக் கலக்கிக் குடித்துவிட்டுக் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டேன். அதோடு சரி. மற்றவர்களுக்கு மறுபடி மறுபடி ஊற்றினார்கள், என் கோப்பையை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டாவது கோப்பை தர மனசில்லையா என்று நினைத்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். அந்தப் பெண்ணோடு ஒரு வாரம் சரியாகப் பேசவும் இல்லை.

உண்மை பிறகுதான் தெரிந்தது, அதுவும் ஒரு வயதான அம்மாவால். எங்கள் இல்லத்தில் அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. தண்ணீரும் குடிக்க மாட்டார், தேநீரையும் தள்ளிவிடுவார். வயதானவர்களுக்கு நீர் குறைந்தால் ஆபத்து. இரண்டு நாள் குறிப்பேட்டில் "குடிக்கவில்லை" என்று நான்தான் எழுதினேன். சமையலறையில் வேலை செய்கிற ஓர் அம்மா வந்து பார்த்துவிட்டு, "நீ ஏன் கலக்குகிறாய்?" என்று கேட்டார். செய்கிற முறையையும் காட்டினார்.

முதலில் கோப்பையில் பெரிய கற்கண்டுத் துண்டு ஒன்று. "க்ளுன்ட்யெ" என்பார்கள். அதன்மேல் சுடச்சுடச் சாயம். கற்கண்டு சடசடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். பிறகு கோப்பையின் ஓரமாகக் கொஞ்சம் பாலாடை. அது அடியில் போய் மேகம் மாதிரி மேலே எழும்பி வரும். கலக்கக் கூடாது. முதல் வாயில் பாலின் மென்மை, நடுவில் சாயத்தின் கசப்பு, கடைசியில் இனிப்பு. மூன்று கோப்பை குடிப்பது வழக்கம், அதற்குக் குறைந்தால் மரியாதை இல்லை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு "எனக்குப் போதும்" என்று நானே சொல்லிவிட்டு, அவர்களை நொந்துகொண்டிருந்திருக்கிறேன். அடுத்த நாளே அந்தப் பெண்ணிடம் போய் "என்ட்ஷுல்டிகுங்" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வயதான அம்மாவுக்கு மறுநாள் முறைப்படி ஊற்றினேன். கற்கண்டு வெடித்த சத்தத்துக்கே முகம் திரும்பியது. மூன்று கோப்பை குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டார். ஸ்ரீ லங்கா என்றேன், புரியவில்லை. கொஞ்சம் பொறுத்து அவரே "ட்சைலொன்?" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னபோதுதான் தெரிந்தது, சிலோன் என்கிறார்! அந்த ஊர்க் கடைகளில் இன்றைக்கும் தேயிலைப் பெட்டியில் சிலோன் என்றுதான் போட்டிருக்கும். திம்புள்ள, ஊவா என்று நம் பக்கத்து ஊர்ப் பெயரும் இருக்கும்.

அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. கொழும்பில் முதல் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்பட்டு, என் அம்மா ஆசிரியை என்று பொய் சொன்னேன். என்ன பாடம் படிப்பிக்கிறார் என்று ஆசிரியர் அடுத்த கேள்வி கேட்டார். வாயடைத்துப் போனேன். அன்றிரவு அகராதியில் தேடி ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்தேன், "டேப்ஃப்ளுக்கரின்". கொழுந்து பறிக்கிற பெண். அந்தச் சொல்லை முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னது இந்த அம்மாவிடம்தான். அவர் மேசையிலிருந்த எல்லோருக்கும், "இந்தத் தேநீர் இவளுடைய அம்மா பறித்தது" என்று சொல்லிவிட்டார். அந்த ஊர்க் கலவையில் பெரும்பகுதி அசாம் தேயிலை. ஆனால் நான் திருத்தப் போகவில்லை.

ஏமாறாமல் படியுங்கள்

இப்போது அந்த ஒன்றரை லட்சம். பரீட்சை எழுதாமலே மூன்று மாதத்தில் மொழிச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், நம்பிக் கொடுத்தோம். பணமும் போனது, ஒரு வருஷமும் போனது. அம்மா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆகவே, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிக்கு ஆறு படி உண்டு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. கல்யாணம் முடித்துக் கணவரிடமோ மனைவியிடமோ போகிறவர்களிடம் 2007 முதல் பொதுவாக ஏ1 கேட்கிறார்கள். தாதியர் பயிற்சிக்குப் பெரும்பாலும் பி1 அல்லது பி2 வேண்டும். பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. 100க்கு 60 எடுத்தால் சித்தி. நான் பி1இல் கேட்டலில் தவறினேன். தவறின பகுதியை மட்டும் மறுபடி எழுத முடிந்தது. தவறினால் உலகம் முடிந்துவிடாது.

தாதியர் பயிற்சி மூன்று வருஷம். 2020இல் வந்த சட்டப்படி அதற்குப் பள்ளிக் கட்டணம் இல்லை, பயிலுனருக்கு மாதாந்தக் கொடுப்பனவு தர வேண்டும். அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டு என்று யாராவது கேட்டால் அங்கேயே நில்லுங்கள். முகவர் என்று வருகிறவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், பணியகத்திலேயே விசாரியுங்கள். பரீட்சை இல்லாமல் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது.

படிக்க வழி இல்லாமல் இல்லை. கொழும்பில் கோதே நிறுவனம் இருக்கிறது. உயர்தரத்தில் ஜேர்மனை ஒரு பாடமாக எடுக்கலாம். கையில் போன் இருந்தால் ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்ல தருகிற பாடங்களை இலவசமாகவே ஏ1 முதல் பி1 வரை படிக்கலாம். ஒரே நாளில் ஐந்து மணித்தியாலம் வேண்டாம், நாளுக்கு அரை மணித்தியாலம் போதும், ஆனால் ஒருநாளும் விடக் கூடாது. கொழுந்து எடுக்கிற மாதிரிதான். சுற்று தவறினால் இலை முற்றிப் போகும்.

ஒரு பழைய செய்தி. சீகன்பால்க் என்கிற ஜேர்மன்காரர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். பத்து வருஷத்துக்குள் தமிழ் இலக்கணம் பற்றி அவர் எழுதிய நூல் ஜேர்மனியில் அச்சாகியது. படித்த ஒரு மனுஷன் பிள்ளைகளோடு தரையில் உட்காரக் கூச்சப்படவில்லை. நாம் ஏன் பிழையாகப் பேசக் கூச்சப்பட வேண்டும்?

கடைசியாக ஒன்று. 2022இல் நாடு பட்ட கஷ்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வெளியே போகத்தான் எண்ணம். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே போனவள். ஆனால் அங்கே பனிக்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டும்போது, ஊரில் அம்மா தனியாக அடுப்பு மூட்டுவதை நினைத்துக்கொண்டு மற்றவர்களுடைய அம்மாவுக்குச் சோறூட்டுகிறேன். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போவதென்றால் மொழியோடு போங்கள். மொழி இருந்தால் சம்பளச் சீட்டை வாசிக்கலாம், ஒப்பந்தத்தை வாசிக்கலாம், அநியாயம் நடந்தால் வாய் திறக்கலாம். நம் பாட்டன்மார் எழுத்து வாசிக்கத் தெரியாமல் துண்டில் கைநாட்டு வைத்து இந்த மலைக்கு வந்தவர்கள். இன்னொரு தடவை அப்படிப் போக வேண்டாம்.

வீட்டுப்பாடம் தருகிறேன். விளங்காதபோது மூன்று வசனம். "வீ பிட்ட?", என்ன சொன்னீர்கள்? "லாங்ஸாம் பிட்ட", மெதுவாகச் சொல்லுங்கள். "நொஹ் ஐன்மால் பிட்ட", இன்னொரு தடவை சொல்லுங்கள். இந்த மூன்றும் இருந்தால் முதல் ஆறு மாதம் ஓடிவிடும். நாளைக்கே மூன்று நிறத்துப் பேனை வாங்கிக் கதவில் ஒரு சிவப்புத் துண்டை ஒட்டுங்கள். அம்மாவை வாத்தியாராக்குங்கள்.

வெளியே தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறார்கள். மூன்று கோப்பை குடிக்கிறவரைக்கும் யாரும் கரண்டியைப் போட வேண்டாம்.